மலையகத்தைக் காட்டுபவர் யார்?

கண்டியில் காலை ஏழு மணிக்கு வேனில் ஏறும் பயணிக்கு இருட்டுவதற்குள் மலையகத்தைக் காட்டி முடித்துவிடலாம் என்பது ஒருநாள் சுற்றுலா நடத்துவோரின் கணக்கு. கம்பளை, புசல்லாவை, றம்பொடை என்று வளைந்து ஏறும் வீதியில் லபுக்கலையில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. அங்கே ஒரு கோப்பைத் தேநீரும் சொக்லேட் கேக்கும். நுவரெலியாவில் 1894ஆம் ஆண்டின் செங்கல் தபாலகம், விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி. திரும்பும்போது தலவாக்கலைப் பக்கம் இரண்டு நீர்வீழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு ஹட்டன், கினிகத்தேனை வழியாக இறக்கம். ஒரே நாளில் இவ்வளவையும் விழுங்குவது என்ன பயணம் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. விடுமுறையும் பணமும் அளவோடு உள்ளவர்களுக்கு ஒருநாள் பயணம்தான் கைக்கெட்டும். நல்ல வழிகாட்டி கிடைத்தால் ஒரு நாளிலும் ஓர் ஊரின் உயிரை அறியலாம். குறை வேறிடத்தில் இருக்கிறது. மலையகத்தைச் சுற்றிக்காட்டும் கதையில் மலையக மக்கள் இல்லை. அந்தக் கதையைச் சொல்பவர்களில் மலையகத்தவர் மிகச் சிலர். இந்த இரண்டாவது குறையைத் தீர்க்காமல் முதலாவது தீராது என்பதே என் வாதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை எது? 1867இல் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கோப்பியை இலைத்துரு நோய் அழித்தது. பின்னர் லிப்டன் வந்தார், உலகம் சிலோன் தேநீர் குடித்தது. தொழிற்சாலைக்குள் போனால் கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, புளிக்கவிடுவது, உலர்த்துவது, சலித்துத் தரம் பிரிப்பது எல்லாம் வரிசையாக விளக்கப்படும். இதில் பொய் ஏதும் இல்லை. ஆனால், அந்தக் கொழுந்து தொழிற்சாலைக்கு எப்படி வந்தது என்பதற்குச் சன்னலுக்கு வெளியே தெரியும் பச்சைச் சரிவே விடையாகக் காட்டப்படுகிறது. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டு, பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ என்ற அளவு, அளவு குறைந்தால் பாதிச் சம்பளம் மட்டும் தரும் அரைப்பேர், பிள்ளைக்காம்பராவில் விட்டுவந்த குழந்தை, கவ்வாத்து வெட்டும் ஆண்களின் கை லாவகம் ஆகியவை பேச்சில் வருவதே இல்லை. மலைமக்கள் கவ்வாத்துக்கு ஒரு சாமியையும், தொழிற்சாலையின் சுழலும் சக்கரத்துக்கு றோதைமுனியையும் வைத்துக் கும்பிட்டார்கள். இயந்திரத்தைக் கண்டு அஞ்சி, அதனோடு உறவும் கொண்டாடிய ஒரு சமூகத்தின் மனத்தைக் காட்ட இதைவிடச் சுவையான செய்தி எந்த வழிகாட்டிக்குக் கிடைக்கும்? எத்தனை கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்ற கணக்கைவிட இது பயணியின் நினைவில் நிற்கும்.

கூடை சுமந்த பெண் மட்டும் படத்தில் இருக்கிறாள். வீதியோரத் தேயிலை நிரையில் நின்று படத்துக்கு முகம் காட்டிச் சில்லறை பெறும் பெண்களை அந்த வழியே போன எவரும் பார்த்திருக்கலாம். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மலையில் நாள் முழுக்க நின்று வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் அது புத்திசாலித்தனமான தொழில். குறைந்தபட்ச நாட்சம்பளத்தை 2021இல் 1000 ரூபாவாக்கவும், 2024இல் அடிப்படையை 1350 ரூபாவாக்கவும் எவ்வளவு இழுபறி நடந்தது என்பது பத்திரிகை வாசிப்போருக்குத் தெரியும். இந்தப் படப்பிடிப்புப் புதிதும் அல்ல. விக்டோரியா காலத்தின் பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரூன் தம் கடைசி ஆண்டுகளை இலங்கையில் கழித்தார். இங்குள்ள உழைப்பாளிகளையும் அவர் படம் எடுத்தார், பெரும்பாலும் பெயர் குறிக்காமல். 1879இல் இறந்த அவருடைய கல்லறை பொகவந்தலாவை தேவாலயத்தில் இருக்கிறது. கல்லறையைத் தேடி வெளிநாட்டினர் வருகிறார்கள். படத்திலிருந்தவர்கள் யார் என்று கேட்க ஆளில்லை.

இன்னும் கூர்மையான உதாரணம் டெவன் நீர்வீழ்ச்சி. தலவாக்கலை–ஹட்டன் வீதியிலிருந்து தெரியும் 97 மீற்றர் உயர அருவி. அங்கே நிற்காத சுற்றுலா வேன் அரிது. முன்னொரு காலத்தில் அப்பகுதியில் கோப்பி பயிரிட்ட ஆங்கிலேயத் தோட்டக்காரர் ஒருவரின் பெயரே அருவிக்கு வந்தது என்று வழிகாட்டி சொல்வார். அந்தத் தோட்டக்காரரைப் பற்றி அதற்குமேல் சொல்வதற்கு அவரிடமும் எதுவும் இருக்காது. இதே டெவன் தோட்டத்தில் 1977 மே 11ஆம் திகதி சிவனு லட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து எழுந்த மக்களில் அவர் ஒருவர். அந்த எதிர்ப்பின் பின் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அருவிக்கு எதிரே நின்று பயணி இரசிக்கும் அந்தப் பச்சை விரிப்பு தேயிலையாகவே நீடித்ததில் அந்தப் போராட்டத்துக்கும் பங்குண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் மலையகம் அவரை நினைவுகூர்கிறது. ஆனாலும், யாரென்று தெரியாத கோப்பித் துரை கதையில் இருக்கிறார், பெயரும் நாளும் பதிவான சிவனு லட்சுமணன் இல்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தில் சுடப்பட்ட கோவிந்தனுக்கும், 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிய கோ. நடேசய்யருக்கும், மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து நாடாளுமன்றம் வரை சென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளைக்கும் இதே கதிதான். ஹட்டன் நகரம் பெரும்பாலான பயணிகளுக்குச் சிவனொளிபாதமலைக்குப் பஸ் மாறும் இடம், அவ்வளவே.

டெவனுக்குப் பக்கத்திலுள்ள சென் கிளேயர் அருவியில் ஒரு வேடிக்கையும் உண்டு. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபின், பகல் பொழுதில் மட்டும் அருவிக்குத் தண்ணீர் விடுவது என்று ஏற்பாடு. பயணி பார்க்கும் அருவி ஒரு நேர அட்டவணைப்படி விழுகிறது. மஸ்கெலியாப் பக்கம் போனால் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது பழைய கோயிலின் எச்சம் தலைகாட்டும். இயற்கை அழகு என்று நாம் விற்பதில் எவ்வளவு மனிதர் கை பட்டது, எவ்வளவு இழப்பின் மேல் நின்றது என்பதைச் சொன்னால் பயணியின் இரசனை குறையாது, கூடும்.

உலகில் மலைநகரச் சுற்றுலாவுக்குப் பெயர்போன நாடு இத்தாலி. புளோரன்ஸிலோ உரோமிலோ காலையில் பஸ் ஏறினால் சியன்னா, சான் ஜிமிஞானோ, அசிசி என்று குன்றின் மேலுள்ள மத்தியகால ஊர்களைப் பார்த்துவிட்டு இரவு திரும்பலாம். நம்முடையதைப் போன்ற அவசரப் பயணம்தான். அங்கேயும் கூட்டம், அங்கேயும் பொம்மைக் கடைகள். ஆனால் இரண்டு விடயங்களில் அவர்களிடம் கற்க இருக்கிறது. பஸ்ஸோடு கூடவே வரும் துணையாளர் வேறு, ஊரின் வரலாற்றை விளக்கும் வழிகாட்டி வேறு என்று அங்கே சட்டமே பிரித்து வைத்திருக்கிறது. விளக்குபவர் பரீட்சை எழுதி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலும் அவர் ஊர் வாசலில் வந்து சேர்ந்துகொள்வார். இரண்டாவது விடயம் நமக்கு இன்னும் நெருக்கமானது. சைப்பிரசு மரங்கள் வரிசைகட்டிய தொஸ்கானா குன்றுகளை, குறிப்பாக 2004இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த ஒர்ச்சா பள்ளத்தாக்கை, நாட்காட்டிப் படங்களில் கண்டிருப்போம். அந்த நிலத்தைப் பண்படுத்தியவர்கள் விளைச்சலில் பாதியை நிலக்கிழாருக்கு அளந்து கொடுத்து, அவருடைய வீட்டிலேயே குடியிருந்த வாரக்குடிகள். நூற்றாண்டுகள் நீடித்த அந்த முறையில் புதிய ஒப்பந்தங்களை 1964 செப்டம்பரில்தான் இத்தாலியச் சட்டம் தடைசெய்தது. (அடுத்த மாதமே இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, 9 இலட்சத்து 75 ஆயிரம் மலையக மக்களை இரு நாடுகளும் பங்கு பிரிக்கத் தொடங்கின.) இன்று அதே வழியிலுள்ள புவன்கொன்வெந்தோ என்ற மதில்சூழ் சிற்றூரில் வாரக்குடிகளின் வாழ்வுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சியன்னாவின் நகர மாளிகைச் சுவரில் 1338–39இல் அம்புரோஜோ லொரென்செட்டி நல்லாட்சியை ஓவியமாகத் தீட்டியபோதே மதிலுக்கு வெளியே உழுபவரையும் அறுப்பவரையும் விடாமல் வரைந்திருக்கிறார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்த ஓவியருக்கு இருந்த நேர்மை நம் சுற்றுலாக் கையேடுகளுக்கு இன்னும் வரவில்லை.

நம்மிடம் அப்படி ஓர் அருங்காட்சியகம் இல்லாமலும் இல்லை. கம்பளைக்கு அண்மையில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லய வீட்டு வரிசையையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை 2007இல் தொடங்கியது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, சமையல் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், தப்பு முதலான வாத்தியங்கள், பழைய ஆவணங்கள் என ஒரு சமூகத்தின் இருநூறு ஆண்டு அங்கே அடங்கியிருக்கிறது. லபுக்கலைக்குப் போகும் அத்தனை வேன்களும் கம்பளையைக் கடந்தே ஏறுகின்றன. ஆனாலும் அங்கே நிற்பவை அபூர்வம். ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகம் எல்லாக் கையேட்டிலும் இடம்பெறுகிறது. அது இயந்திரங்களுக்கும் டெய்லருக்கும் லிப்டனுக்கும் உரியது. இயந்திரம் ஓட்டியவரின் வீடு எங்கே என்று கேட்பவருக்குக் கம்பளையைக் காட்ட வழிகாட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது, ஓய்வுக்காக வருபவனுக்குத் துயர வரலாறு எதற்கு என்பது. பயணியைக் குறைத்து மதிப்பிடும் கேள்வி இது. உரோமின் கொலோசியத்தில் மனிதர்கள் கொல்லப்பட்டதையும் காலித் துறைமுகத்தைக் கோட்டை கட்டிப் பிடித்ததையும் கேட்டுக்கொண்டே அவன் மகிழ்ச்சியாகப் படம் எடுக்கிறான். தவிர, மலையகத்தின் கதை வெறும் ஒப்பாரி அல்ல. காமன் கூத்தும் அர்ச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிய மலைகள் இவை. 1948இல் பிரஜாவுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலையை முடித்துக்கொண்ட சமூகம் இது. மன்னாரில் இறங்கி மலையேறிய மூதாதையரின் வழியைத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை 2023இல் கால்நடையாகவே நடந்து காட்டியவர்களின் கதையில் வீரமும் இருக்கிறது. சொல்லும் திறன் இருந்தால் அரைமணி நேரம் போதும்.

இரண்டாவது மறுப்புக் கனமானது. லயத்தைச் சுற்றுலாவில் சேர்த்தால் வறுமை காட்சிப்பொருளாகிவிடும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. கழிப்பறை வரிசையையும் கூரை ஒழுகலையும் வெளிநாட்டுக் கமராவுக்குக் காட்டிக் காசு பார்ப்பது இழிவு. ஆகவே, குடியிருக்கும் லயத்துக்குள் யாரையும் அழைத்துச் செல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர் அழைத்தால் ஒழிய வாசற்படி ஏறக்கூடாது என்பது விதியாகவே இருக்கட்டும். மும்பையின் தாராவிக் குடிசைப்பகுதியில் 2005 முதல் வழிகாட்டலுடன் நடைப்பயணம் நடத்தும் நிறுவனம் பயணிகளைப் படம் எடுக்க விடுவதில்லை. அந்தக் கட்டுப்பாடு இருந்தும் அங்கே விவாதம் ஓயவில்லை, ஓயவும் கூடாது. ஆனால் காட்சிப்பொருளாவதற்கு அஞ்சிப் பேசாமலிருப்பதால் மலையகப் பெண் காட்சிப்பொருளாகாமல் தப்பிவிட்டாளா? விமான நிலையச் சுவரிலும் தேயிலைப் பெட்டியிலும் அவள் முகம்தானே இருக்கிறது. பார்க்கப்படுபவர் பேசத் தொடங்கும்போதுதான் அந்தப் பார்வை மாறும். அதனால்தான் யார் வழிகாட்டி என்ற கேள்வியை முதலில் வைக்கிறேன்.

இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை நான்கு வகை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது: தேசிய வழிகாட்டிகள், சாரதி வழிகாட்டிகள், பிரதேச வழிகாட்டிகள், இட வழிகாட்டிகள். கண்டியிலிருந்தும் கொழும்பிலிருந்தும் வரும் சாரதி வழிகாட்டியின் பிழைப்பைப் பறிக்கச் சொல்லவில்லை. மூன்று மொழி பேசி, கொண்டையூசி வளைவுகளில் பத்து மணி நேரம் வண்டி ஓட்டி, நடுவே வரலாறும் சொல்லும் அவரிடம் இன்னும் என்ன எதிர்பார்ப்பது? மலையேறியபின் இரண்டு மணி நேரத்துக்கு உள்ளூர்ப் பிரதேச வழிகாட்டி ஒருவர் வேனில் ஏறிக்கொள்வது போதும். இத்தாலியில் நடப்பதும் அதுவே. தோட்டத்தில் பிறந்து, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உயர்தரம் படித்து, கொழும்புக் கடைகளுக்கு வேலை தேடி இறங்கும் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆங்கிலம் போதாது என்பார்கள். பயிற்சியால் தீரும் குறை அது. அதற்கு முன்பே அவர்களிடம் தயாராக உள்ள மொழி ஒன்று இருக்கிறது. சீதா எலியக் கோயிலுக்கும் றம்பொடை அனுமன் கோயிலுக்கும் தமிழ்நாட்டிலிருந்து பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். சீதை சிறையிருந்த இடம் எது என்று துருவிக் கேட்கும் அந்தப் பக்தர்களுக்கு, எதிர்ச் சரிவில் கொழுந்து பறிப்பவர்கள் தங்கள் மாவட்டங்களிலிருந்தே போனவர்களின் வழித்தோன்றல்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஏப்ரல் வசந்தகாலத்துக்கு நுவரெலியா வரும் நம்மவர்களும் இதில் விதிவிலக்கல்லர்.

உள்ளூர்க்காரர் சொன்னால் கதை ஒருபக்கம் சாயும், அரசியலாகும் என்ற மறுப்பும் கேட்கும். இப்போது சொல்லப்படும் துரைமார் கதை சாயாமலா நிற்கிறது? ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். மலையகக் கதை தமிழரின் கதை மாத்திரம் அல்ல. 1840ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தால் பொது நிலத்தை இழந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரும் அதில் இருக்கிறார்கள். பிரதேச வழிகாட்டிப் பயிற்சியின் பாடத்தில் இருதரப்பு வரலாறும் வரவேண்டும். அப்படி ஒரு பாடம் எழுதப்படுவதே பெரிய வேலை. எழுதக்கூடிய ஆய்வாளர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள்.

கம்பனிகள் இடம் கொடுக்குமா என்பது நடைமுறைக் கேள்வி. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் தனியார் கம்பனிகளிடம் போனது. காணி இன்றும் பெரும்பாலும் அரசினுடையது, கம்பனிகள் குத்தகைக்காரர்கள். அந்தக் காணியின் பழைய பங்களாக்களும் தொழிற்சாலைகளும் விடுதியாக உருமாறி வருமானம் ஈட்டும்போது, வழிகாட்டி வேலையில் தோட்டத்து இளைஞருக்கு முன்னுரிமை கொடு, நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தோட்ட மக்களின் நலநிதிக்கு ஒதுக்கு என்று நிபந்தனை போட அரசுக்கு உரிமை உண்டு. இத்தாலியின் சிவிட்டா டி பாஞ்ஞொரேஜோ என்ற குன்றூரில் 2013 முதல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் அறவிடுகிறார்கள். அந்த வருமானத்தால் நகராட்சி உள்ளூர் வரிகளையே நீக்க முடிந்தது. அதே ஊர் ஓர் எச்சரிக்கையும் ஆகும். இலட்சக்கணக்கானோர் வந்துபோகும் அங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சம்பளமும் வீடும் காணியும் சரியாகாமல் சுற்றுலா மட்டும் வளர்ந்தால் மலையகத்துக்கும் அந்த நிலை வரலாம், தேயிலை இருக்கும், ஆள் இருக்காது. வழிகாட்டி அனுமதிப்பத்திரம் சம்பளப் போராட்டத்துக்கு மாற்று என்று யாராவது சொன்னால் அதை நம்பத் தேவையில்லை.

செய்ய முடியும் என்பதற்கு அண்மைச் சான்று பீக்கோ நடைபாதை. கண்டிப் பக்கத்திலிருந்து நுவரெலியாவரை 22 கட்டங்களில் 300 கிலோமீற்றருக்குமேல் நீளும் அது, பழைய தோட்டப் பாதைகளையே இணைத்துச் செல்கிறது. வெளிநாட்டு நிதியுதவியும் அரசின் ஒத்துழைப்பும் சேர்ந்ததால் வந்த பாதை. தோட்டங்களின் ஊடாகவும் லயங்களின் ஓரமாகவும் நடக்கும் பயணிக்கு அருகில் மலையக இளைஞர் ஒருவர் நடக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டமோ பெரிய நிதியோ தேவையில்லை. பிரதேச வழிகாட்டிப் பயிற்சியை ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தமிழில் நடத்தி, பரீட்சையைத் தமிழிலும் எழுதவிட்டால் தொடங்கிவிடலாம். மலையகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்றவர்கள் சுற்றுலா அமைச்சிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இதுதான், அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்பே.